உரிக்காத தாள்

நான் படித்த கல்லூரி வெள்ளி விழா மலர் போடுகிறது. எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் போன் செய்து, பழைய மாணவன் என்ற முறையில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார். "நல்லது மட்டும் எழுது மோனே. குறை இருந்தால் நேரில் வந்து சொல், மலரில் வேண்டாம்" என்றார். மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகும் மனசு அடங்கவில்லை. அந்தக் கல்லூரி எனக்குச் செய்த நன்மை ஒரு பக்கத்தில் அடங்கக்கூடியதில்லை. மீதியை என் மொழியில் எழுதுகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி நல்லதை மட்டுமே எழுதுகிறேன். பொய்யாக ஒரு சொல் சேர்க்கவில்லை.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டி ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் குடியிருக்கிறேன். ஆவணப்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்வது தொழில். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பிளஸ் டூ முடித்த கோடையில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ பார்த்தேன். 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. எடுத்தவர் ஜான் ஆபிரகாம் என்ற மலையாளி. புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர். தமிழ்நாட்டு அக்ரகாரத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க ஒரு மலையாளியால் முடிந்தது என்றால், அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சியில் வந்து சேர்ந்தேன். மூன்று வருடப் பட்டப்படிப்பு. திரைப்படக் கோட்பாடு பாதி, தயாரிப்புப் பயிற்சி பாதி என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்தது.

கோட்பாட்டை அவர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன். குலேஷோவ் என்ற ருஷ்யர் ஒரே நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு முறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் ஒரு தரம் பசி தெரிந்தது, ஒரு தரம் துக்கம், ஒரு தரம் ஆசை. இதை எங்கள் ஆசிரியை கரும்பலகையில் சாக்பீஸால் படம் போட்டே விளக்கினார். முன் பெஞ்சுப் பையன் ஒருவனைச் சும்மா நிற்கவைத்து, அவன் பக்கத்தில் ஒவ்வொரு படமாக வரைந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்டாமல் ஒரு ஷாட்டை நீளமாக ஓடவிட்டால் பார்ப்பவனுக்குத் தன் கண்ணைத் தானே நகர்த்திக்கொள்ள இடம் கிடைக்கிறது என்று பிரெஞ்சு விமர்சகர் பாசான் சொன்னதை, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டிப் புரியவைத்தார்கள். பெண்ணை கேமரா எந்த இடத்திலிருந்து பார்க்கிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு, சின்ன வயதிலிருந்து நான் ரசித்த பாட்டுகளில் பாதியைப் பழைய மாதிரி பார்க்க முடியாமல் போனது. இந்தக் கண்களை எனக்குத் தந்தது அந்தக் கல்லூரிதான்.

உபகரணங்களை அவர்கள் வைத்துக் காத்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு என்று இரண்டு வீடியோ கேமராக்கள் இருந்தன. ஸ்டோர் ரூமில் ஒரு இரும்பு பீரோ, அதற்குள் பெட்டி, பெட்டிக்குள் நுரை மெத்தை, அதில் கேமரா. கொச்சியின் உப்புக் காற்றில் இரும்பு ஜன்னல் கம்பியே ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும்; அந்தக் கேமராக்களில் ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் தவறாமல் மாற்றுவார்கள். வெளியே எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும்: பொறுப்பாளர், துறைத் தலைவர், முதல்வர். திரும்ப வைக்கும்போது ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வார்கள். பக்கவாட்டில் விரிகிற சின்னத் திரையில், தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ செட் படித்துப் போயிருக்கிறது, தாள் உரியவில்லை. நான் படித்த மூன்று வருடமும் உரியவில்லை. அந்தத் தாள் வழியாகத்தான் நாங்கள் உலகத்தைப் பார்த்தோம், அது வெயிலில் பளபளக்கப் பளபளக்க.

எட்டுப் பேருக்கு ஒரு கேமரா. மூன்றாம் செமஸ்டரில் ஒரு நாள், நாலாவதில் ஒரு நாள், கடைசிப் படத்துக்கு இரண்டு நாள். முதல் பயிற்சி நாளில் என் கையில் அது இருந்தது இருபது நிமிஷம். என் வாழ்க்கையில் வேறு எந்த இருபது நிமிஷமும் இவ்வளவு துல்லியமாக எனக்கு நினைவில்லை. டிரைபாடில் பூட்டி, ஃபோகஸ் வைத்து, கல்லூரி வாசலில் இருந்த வாகை மரத்தை இடமிருந்து வலமாக பேன் செய்தேன். கை நடுங்கியது. அடுத்தவன் பின்னால் நின்றான்.

மாஸ்கோவில் 1919இல் உலகின் முதல் திரைப்படக் கல்லூரி தொடங்கியபோது ஃபிலிமுக்குப் பெரும் பஞ்சம். குலேஷோவ் தன் மாணவர்களை வைத்து ஃபிலிம் இல்லாமலே படம் ‘எடுத்தார்’: காட்சியைப் பிரித்து, ஷாட் ஷாட்டாக மேடையில் நடித்துக் காட்டச் சொன்னார். கையில் எதுவும் இல்லாத காலத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது அப்படி. எங்கள் கல்லூரியில் பஞ்சம் இல்லை. பீரோவில் இரண்டு கேமரா இருக்கும்போதே, பக்கத்து அறையில் எங்களைக் கேமரா இல்லாமல் படம் எடுக்கப் பழக்கினார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சட்டம் கட்டி ஃபிரேம் பார்ப்போம். இன்றும் லொகேஷன் பார்க்கப் போனால் என் கை தன்னால் அந்தச் சட்டத்தைக் கட்டுகிறது. அந்தப் பழக்கத்துக்கு அவர்களுக்கு நன்றி.

கட்டணம் வாங்குவதிலும் ஒழுங்கு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் உபகரணப் பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு தொகை, அதற்குத் தனி ரசீது, எழுத்து தெளிவாக இருக்கும். என் அப்பா தேங்காய் நார்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த ரசீதுகளை எல்லாம் எல்.ஐ.சி. பத்திரத்தோடு ஒரே பையில் வைத்திருந்தார். இரண்டாம் வருட லீவில் வீட்டுக்குப் போனபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேட்டார்: "அந்தக் கேமரா ரொம்ப கனமா இருக்குமாடா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. டிரைபாடில் இருந்து கழற்றித் தோளில் வைத்துப் பார்க்க எனக்கு அதுவரை முறை வந்ததில்லை. "கனம்தாம்ப்பா" என்றேன். "உடம்பப் பாத்துக்க" என்றார்.

எங்கள் பாதுகாப்பில் கல்லூரி காட்டிய அக்கறையையும் எழுதியாக வேண்டும். மட்டாஞ்சேரியைப் பற்றி மூன்றாம் செமஸ்டரில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். துறைமுகத்தில் அந்தக் காலத்தில் நடந்த சாப்பா முறை பற்றி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்றைக்குக் கூலி. அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். கே.எம். சிதம்பரன் 1968இல் இதை நாடகமாக எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி ‘துறமுகம்’ என்று எடுத்த படம் 2023இல் வெளிவந்தது. நாங்கள் எழுதிய காலத்தில் படம் வரவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து, அந்தக் கூட்டத்தை எந்த லென்ஸில், எந்த உயரத்தில் எடுக்கலாம் என்று நாலு நாலு பக்கம் எழுதினோம். கட்டுரைகள் நன்றாக இருந்தன என்று ஆசிரியர் மனம்விட்டுப் பாராட்டினார்.

கல்லூரியிலிருந்து எர்ணாகுளம் படகுத்துறை கூப்பிடு தூரம். ஃபோர்ட் கொச்சிக்குப் படகு ஏறி, இறங்கி, கல்வத்தி வழியாக நடந்தால் பஜார் ரோடு. மிளகு, சுக்கு வாசனையோடு அந்தப் பழைய கிடங்குகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் தோணிகள் வந்து நின்ற தண்ணீர், எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அங்கே எங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று வகுப்பு கேட்டது. படகில் தவறி விழுந்தால் யார் பொறுப்பு, கேமரா நனைந்தால் யார் பொறுப்பு என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்கள். மூன்று வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்படவில்லை. அதே தெருக்களில் லைவ் சவுண்டோடு எடுத்து 2013இல் வெளிவந்த ‘அன்னயும் றசூலும்’ படத்தையும் வகுப்பில் விரிவாகப் பேசினோம், ஏ.சி. அறையில், ஸ்பீக்கரில் அந்தத் தெருவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

இப்போது டோபி கானாவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கடைசி வருடப் படத்துக்கு எங்கள் குழு ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் டோபி கானா என்ற சலவைக்கூடத்தைப் பிடித்தது. மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போய்விடலாம். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். வீட்டில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள், இடையில் மலையாளம் கலந்து. நான் தமிழன் என்பதால் அங்கே பேசிப் பழகுகிற வேலை எனக்கு. அந்த இரண்டு நாளும் கேமராவும் என் கையில்தான் என்று குழுவில் முடிவாகியிருந்தது. முந்தின ராத்திரி நான் தூங்கவில்லை.

காலை பத்து மணி. கயிறுகளில் கிளிப் கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் விழாது. வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு தாத்தா துணியைத் தடவிப் பார்த்தபடி நடந்துவர வேண்டும். அதுதான் முதல் ஷாட். கேமராவை ஆட்டோ எக்ஸ்போஷரில் வைத்து எடுத்தேன். விரிப்புகள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்தன, தாத்தாவின் முகம் கரி. ஐரிஸைத் திறந்தேன். முகம் தெரிந்தது, விரிப்புகள் எல்லாம் எரிந்து, வெறும் வெள்ளை ஓட்டையாகிவிட்டன. மூடினேன். மறுபடி கரி. திரையில் ஒட்டியிருந்த தாள் வேறு வெயிலில் மின்னி, எது சரி எது தப்பு என்று பார்க்க விடவில்லை. நாலு டேக் போனது. நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் அப்படிப் போனது. மூன்று வருடம் படித்தவன் நான்.

தாத்தா தானே வந்து கேட்டார். "என்ன தம்பி, சரியா வரலியா?"

"துணி ரொம்ப வெள்ளையா இருக்கு தாத்தா. உங்க மொகம் இருட்டாயிடுது."

"வெள்ளைய வெயிலுக்கு நேரா வச்சுப் பாக்கக் கூடாது. கண்ணுதான் கூசும், கறை தெரியாது. இப்பிடி வா."

என் முழங்கையைப் பிடித்து இரண்டு வரிசைகளுக்கு நடுவில் கூட்டிப்போனார். கிழக்கு வரிசையின் நிழலில் தான் நின்றுகொண்டார். எதிரே மேற்கு வரிசையில் வெயில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. கையில் இருந்த ஒரு தலையணை உறையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இங்க நின்னுதான் நாங்க கறை பாப்போம்" என்றார். உறையைப் பார்க்கவில்லை நான். அவர் முகத்தைப் பார்த்தேன். எதிர் விரிப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவர் கன்னத்தில் மெதுவாக விழுந்திருந்தது. ஒரு சுருக்கம்கூட மறையவில்லை. கண்ணுக்குள் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னியது. அவருக்குப் பின்னால் நிழலில் இருந்த விரிப்பில் நூலோட்டம் தெரிந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் ஃபுட்டேஜைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ‘அபராஜிதோ’ படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செய்தது. காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். திறந்த வானத்தின் வெளிச்சம் அந்த முற்றத்துக்கு வேண்டும். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டு இறங்கிய வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது. 1956. இதற்கு நான் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, இரண்டு பக்கம் எழுதினேன். பத்துக்குப் பத்து. ஆசிரியர் அந்த விடையை வகுப்பில் படித்துக் காட்டினார். அதே நான், வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நாற்பது நிமிஷம் நின்றேன். மித்ரா நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பத்து மதிப்பெண்ணும் நியாயமான மதிப்பெண். விடையில் ஒரு பிழை கிடையாது. மித்ரா ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை என்பதையும் அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கேமராவை நம்பி ஒருவன் கையில் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அதை அவர்கள் சொல்லி முடித்ததும், பொறுப்பாளர் பீரோவைப் பூட்டினார்.

படிப்பு முடிந்ததும் மட்டாஞ்சேரியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் சேர்ந்தேன்; இக்கா என்றுதான் கூப்பிடுவேன். கேபிள் சுற்றுவது, லைட் பிடிப்பது, பேட்டரி சார்ஜ் போடுவது. நாளுக்கு முந்நூறு ரூபாய். இரண்டாவது வாரம் ஒரு நிக்காஹ்வில் அவர் தன் கேமராவை என் தோளில் வைத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார். கீழே போட்டால் அவருடைய ஒரு வருட வருமானம் போச்சு. போடவில்லை. கனம் எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்தது; அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அங்கேயும் கல்லூரி எனக்கு உதவியது என்பதை மறைக்க மாட்டேன். மணப்பெண் காரில் ஏறிய பிறகு, அவள் அம்மா வாசலில் தனியாக நின்றாள். இக்கா வழக்கமாகக் காரோடு பேன் செய்து வெட்டிவிடுவார். "இக்கா, வெட்டாதீங்க, அந்த அம்மா மேலயே ஓடட்டும்" என்றேன். ஓடவிட்டார். ஒரு நிமிஷத்துக்கு மேல் அந்த அம்மா சும்மா நின்றாள். பிறகு கீழே கிடந்த ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சி.டி.யை அந்த வீட்டில் போட்டுப் பார்த்தபோது எல்லோரும் அந்த இடத்தில்தான் அழுதார்கள் என்று இக்கா வந்து சொன்னார். அது எனக்கு பாசான் கொடுத்தது. வகுப்பில் அந்தப் பாடத்தை எடுத்த ஆசிரியை கொடுத்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. பாடம் வீண் என்று நினைத்திருந்தால் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். இக்காவின் கையும் அந்த ஆசிரியையின் வாக்கும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டியவை. இருந்தன. நடுவில் ஒரு பீரோ இருந்தது.

நம் நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையே வேறு. சென்னையில் 1945இல் அது ஒரு பாலிடெக்னிக்கின் பிரிவாகத்தான் பிறந்தது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கையால் கற்கிற தொழில்களோடு சேர்ந்து இருந்தன. பிறகு அதுதான் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். மட்டக்களப்பிலிருந்து புனேவுக்குப் போய் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, வெளியே வந்ததும் முதலில் செய்தது ‘நெல்லு’ என்ற மலையாளப் படம். ஜான் ஆபிரகாம் ஒடேஸா என்ற திரைப்படக் குழு நண்பர்களோடு மக்களிடம் காசு திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்தார். 1986. வயநாட்டில் புறப்பட்டுக் கொச்சிக்கு வந்துசேரும் பயணம் அந்தப் படம். அதற்கு கேமரா பிடித்த வேணுவும் எடிட் செய்த பீனா பாலும் புனேயில் படித்தவர்கள். எல்லோரும் படித்தவர்கள்தான். கையும் பழகியிருந்தது.

போன மாதம் டோபி கானா பக்கம் போயிருந்தேன். தாத்தா இப்போது இல்லை. அவர் இடத்தில் அவர் மருமகள் தேய்க்கிறாள், சிரட்டைக் கரிப் பெட்டியில். கயிறுகளுக்கு நடுவே ஐந்தாறு பிள்ளைகள் டிரைபாடோடு நின்றிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது, என் கல்லூரி. கிட்டப் போனேன். அதே கேமரா. ஒரு கீறல் இல்லை. இத்தனை வருடமும் கண்ணைப் போலக் காத்திருக்கிறார்கள். திரையைத் திருப்பி முகத்தைச் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஒண்ணும் தெரியலயா?" என்றேன்.

"வெயில் அடிக்குது சேட்டா. எல்லாம் மினுமினுங்குது."

"அந்தத் தாள உரிச்சிடு. தெரியும்."

அவள் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். தாள் லேசாக எழும்பியது. பக்கத்தில் நின்ற பையன், "வேணாம்டி, ரெஜிஸ்டர்ல உன் கையெழுத்துதான் இருக்கு" என்றான். அவள் விரலை எடுத்துவிட்டு, கிளம்பிய மூலையை எச்சில் தொட்டு மறுபடி அழுத்தி ஒட்டினாள்.